கேட்டுக் கேட்டே நிறைஞ்ச பெட்டி

…இல்லக்கா, மடியில பெட்டி இருக்கெண்டு அங்கால தள்ளி இருக்காதீங்க. இது வெடிக்கிற சாமான் இல்ல. வெடிக்கிறதெண்டா நேத்தே நான்தான் வெடிச்சிருப்பன். இது டிஸ்க்கு. கொம்பியூட்டர் எல்லாத்தையும் சேத்து வைக்கிற சாமான். ஆரையம்பதிக்குக் கொண்டுபோய்ப் பூட்டவேணும். பூட்டுறது பெரிய வேல இல்ல. கொண்டுபோறதுதான்… அந்தா பாருங்க, கல்லடிப் பாலத்தடியில நிக்கிற வரிசைய. விடிய வெள்ளாப்பில வெளிக்கிட்டும் இந்தக் கதி. பஸ் நகருற மாதிரியே இல்ல.

இந்த வயரப் பாத்தீங்களா? நீலம். ஒரு முன ஒரு மாதிரி, மத்த முன வேற மாதிரி. இதாலதான்கா எனக்குப் பயம். போன முற கொண்டு போகேக்க பாலத்துச் சென்றியில ஆமிக்காரர் மறிச்சுக் கேட்டாங்கள், இது என்னெண்டு. எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும், ஆனா இதுக்கு வராது. இதுக்குத் தமிழே வராது. கொம்பியூட்டர்ப் பெட்டியோட பறையிற வயர் எண்டு சொல்லிப்போட்டன். விளங்கின மாதிரித் தலையாட்டினாங்கள். மறுகா பின்னேரம் மட்டும் அங்க கிடந்த மர வாங்கில இருத்தி வைச்சாங்கள். அடிக்கயில்ல, ஏசயில்ல, சும்மா இருத்தினாங்கள். ஆனா அந்தப் பின்னேரம் எனக்கு இன்னும் முடியயில்லக்கா. நித்திரையிலயும் அந்த வாங்கிலதான் இருக்கிறன்.

அதான்… ஒரு சின்ன உதவி. உங்கட பையில பாண் கிடக்குத்தானே? எத்தின றாத்தல், கட வைக்கப் போறீங்களோ? இந்த வயர அந்தப் பாணுக்கு நடுவில… இந்தா, வைச்சிட்டன். தெரியவே இல்ல. பொம்பிளையளிட பைய அவ்வளவு கிளற மாட்டாங்கள். பாலம் தாண்டினதும் எடுத்துப்போடுறன்.

நான் அழகரத்தினம். ரவுணுக்குள்ள நிவாரணம் குடுக்கிற ஒபிஸ் ஒண்டில கொம்பியூட்டர்க்காரன். ஆரையம்பதியில எங்கட கிள ஒண்டு இருக்கு. அங்க ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டி. கிளையில பதியிற விபரமெல்லாம் அதுக்குள்ளதான் போகும், பின்னேரம் லைனால ரவுணுக்கு வரும். பெட்டி நிறைஞ்சா வேல நிண்டிரும். நிறையுதா எண்டு ஆரும் போய்ப் பாக்கவேணும். ஆர் போறது? நான்தான். எதால போறது? இந்தச் சென்றியால. எனக்கு அந்த வாங்கில் ஒண்ணா, இனி ஏலாது.

எஸ்.என்.எம்.பி. எண்டு ஒரு முற இருக்குகா. பேர விடுங்க. விசயம் என்னெண்டா, ரவுணில கதிரையில இருந்துகொண்டே ஆரையம்பதிப் பெட்டியக் கேக்கலாம், உனக்குள்ள எவ்வளவு இடம், இப்ப எவ்வளவு நிறைஞ்சிருக்கு எண்டு. அது பதில் சொல்லும். வாயால கேக்கேலாது, புள்ளி புள்ளியா வைச்ச நீட்டு நம்பராலதான் கேக்கவேணும். பதிலும் நம்பர்தான். முதல் நாள் அது சொன்ன நம்பரப் பாத்துப்போட்டு, பெட்டிக்குள்ள இடமே இல்லையெண்டு ஒபிஸ் பெரியவரிட்ட ஓடினன். மனிசன் பதறிக் கொழும்புக்குப் போன் பண்ணி முடிச்சாப் பிறகுதான் எனக்கு விளங்கினது, அது இடத்தத் துண்டு துண்டா எண்ணித்தான் சொல்லுது, ஒரு துண்டு எவ்வளவெண்டு வேறயாக் கேட்டு நாமதான் பெருக்கவேணும். பெருக்கினாப் பெட்டியில முக்காவாசி வெறும். பெரியவர் அதுக்குப் பிறகு நான் காலம வணக்கம் சொன்னாலும் ரெண்டாந்தரம் விசாரிச்சுத்தான் நம்புவார்.

சிரிக்கிறீங்க. சிரியுங்க, நானும் சிரிச்சன்.

மறுகா எல்லாம் சரி வந்திற்று. ஸ்கிரீனில பச்சக் கோடு ஒண்டு. பெட்டி நிறைய நிறையக் கோடு வளரும். நான் நெஞ்ச நிமித்திக்கொண்டு திரிஞ்சன். ஆரையம்பதிப் பெட்டிக்குள்ள ஒரு ஈ போனாலும் இஞ்ச எனக்குத் தெரியும் எண்டு பறைஞ்சு திரிஞ்சன். சென்றி இல்ல, வாங்கில் இல்ல, கதிரையும் நானும் தேத்தண்ணியும்.

பிறகு பாத்தா, கோடு வளருது. அந்தக் கிளையில பதியிறது றபீக்கா எண்டு ஒரு புள்ள, காத்தான்குடி. கெட்டிக்காரி. அவ போனில கேட்டா, அண்ணன், நான் பதிஞ்சது கொஞ்சம்தானே, பெட்டி என்னத்தால நிறையுது எண்டு. நான் என்ன சொன்னன் தெரியுமா? உனக்கு இதெல்லாம் விளங்காது புள்ள எண்டன். எனக்கும் விளங்கயில்ல, அதச் சொல்லயில்ல.

நேத்துத்தான் மண்டையில தட்டினது. தொடக்கத்தில பெட்டி பதில் சொல்லாம அடம்புடிச்சது. ஏனெண்டு கண்டுபுடிக்க, ஆர் என்ன கேட்டாலும், நீ என்ன சொன்னாலும், ஒண்டு விடாம எழுதிவையெண்டு அதுக்குச் சொல்லி வைச்சன். பிழையக் கண்டு திருத்தினன். எழுதிறத நிப்பாட்டச் சொல்ல மறந்திற்றன். மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கேட்டாப் போதும். நான் பத்து செக்கனுக்கு ஒருக்காக் கேட்டன். அந்தப் பச்சக் கோட்டப் பாக்க எனக்கு அவ்வளவு ஆச. நிறைஞ்சிற்றா நிறைஞ்சிற்றா எண்டு நான் கேக்கக் கேக்க, அழகரத்தினம் கேட்டான், அழகரத்தினம் கேட்டான் எண்டு அது எழுதி எழுதியே நிறைஞ்சுபோச்சு. சனத்தின்ட விபரத்துக்கு இடமில்ல, என்ட கேள்விக்குத்தான் இடம். உல மூடியத் துறந்து துறந்து பாத்தே சோத்தக் கெடுத்தவன் நான்.

என்ன கேட்டீங்க? அலாறம் கிலாறம் இல்லையோ எண்டா?

இருந்தது… அடிச்சது.

நூத்துக்கு எம்பது நிறைஞ்சதும் அடிச்சது. அடிக்கிற அளவத் தொண்ணூறுக்கு ஏத்தி வைச்சன். தொண்ணூறில அடிச்சது. தொண்ணூத்தஞ்சுக்கு ஏத்தினன். பிறகு சத்தத்தையே நிப்பாட்டினன். நான் போட்டு வைச்ச மாதிரிக்கு ரவுணில இருந்து கேக்கத்தான் ஏலும்கா, நிறைஞ்சதத் துடைக்க ஏலாது. துடைக்க ஆள் போகவேணும். போறதெண்டா இந்த வயரோட பாலம் தாண்டவேணும். இண்டைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்திற்றன். பெரியவரிட்ட பெட்டி பழசு எண்டு சொன்னன், புது டிஸ்க் தந்தார். பழசு இல்லக்கா. நான்தான் பயந்தவன்.

முந்தநாள் வாவிக்கு அங்கால, படுவான்கரையால சனம் வந்தது. செல்லு விழுந்து வெடிக்கிற சத்தத்தோட தோணியில வந்து ஏறின சனம். றபீக்கா இருட்டும்மட்டும் இருந்து பதிஞ்சிருக்கா. பெட்டி ஒண்டையும் ஏத்துக்கொள்ளயில்ல. ரவுணுக்கு ஒண்டும் வரயில்ல. வாற விபரத்தப் பாத்துத்தான் லொறியில அரிசி ஏத்துவாங்கள். பழைய ஆக்களுக்கு மட்டும் ஏத்தினாங்கள். நேத்து லொறி போய் நிண்டதாம், புதுசா வந்த ஆக்கள் பாத்திரத்தோட வந்து நிண்டதாம், நீங்க கணக்கில இல்லையெண்டு…

ஏன்கா எழும்புறீங்க? இன்னும் பாலம் வரயில்லயே. எங்க இறங்கப் போறீங்க?

ஆரையம்பதியா.

பள்ளிக்கூடத்து முகாமா…

எப்ப வந்தீங்க? முந்தநாள், தோணியிலயா.

அப்ப இந்தப் பாணெல்லாம் முகாமுச் சனத்துக்கு. ஓம். ஓம், விளங்குது. நான் கட வைக்கப் போறீங்களோ எண்டு கேட்டன். எனக்கு வாய் இருக்கிற அளவுக்கு… சரி. உங்கட பேரென்னக்கா? சீதேவிப்பிள்ளை. றபீக்கா உங்களப் பதிஞ்சிருப்பா. ஓம் தானே, பதிஞ்சவ. அவ பிழ இல்ல. லொறிக்காரரிட பிழையும் இல்ல. உங்களுக்கு முன்னால அந்தப் பெட்டிக்குள்ள போய்க் குந்திக்கொண்டு இருந்தவன் நான்தான்.

சென்றிக்கு இறங்கி நடக்கட்டாம், கேட்டதா? எல்லாரும் இறங்கட்டாம். நில்லுங்க, நில்லுங்கக்கா, சனத்தோட போயிராதீங்க. பையத் துறவுங்க. பாணப் பிச்சுப் பாத்து இத எடுத்தாங்களெண்டா உங்களத்தான் இருத்துவாங்கள். இது என்னெண்டு கேட்டா நீங்க என்னத்தச் சொல்லுவீங்க? நான் எப்பிடித்தான் இத உங்கட பைக்குள்ள வைச்சனோ.

ஒபிஸ் கடுதாசி என்னட்ட இருக்கு. அதக் காட்டுறன். காட்டியும் இருத்தினா, முகாமில சனம் அரிசி இல்லாம வெறும் பாணோட இருக்கு எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்லுறன். கெஞ்சுறன். இண்டைக்கு அந்த வாங்கில இருக்கேலாது. நீங்க முன்னால போங்க, பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்கும்.

தாங்கக்கா. அது என்ட வயர்.