நிறுத்தச் சொல்லும் கை

— கையை ஏன் கீழே போட்டுட்டீங்க? வண்டியை நிறுத்தப் போறேன்னா வலது கையை மடக்கி மேலே தூக்கணும். புஸ்தகத்துல படமே போட்டிருக்கு.

— தெரியும் ஆபிதா. வேற கேளு.

— வேற எல்லாம் கேட்டாச்சுங்க. இடது பக்கம் ஒதுங்குறது, பள்ளிக்கூடத்துக்கிட்ட ஹாரன், மாட்டுவண்டிக்கு வழி விடுறது, எல்லாம் தண்ணி பட்ட பாடா சொல்றீங்க. இதுக்கு மட்டும் கையைக் கீழே போட்டுடுறீங்க. நாளைக்கு லைசென்ஸ் பரீட்சையில போலீஸ் சார்ஜெண்ட் இதைத்தான் முதல்ல கேப்பாராம்.

— கையைத் தூக்குனா அந்தப் பெரியவர் வந்து நிக்கிறாரு.

— ஜீயபுரத்துல, பெட்ரோல் இல்லாம கரியில ஓடுற நம்ம பஸ்ல அடிபட்டவரா? அவர் மவுத்தாகி மூணு மாசம் ஆச்சே.

— தோள்ல வாழைத்தாரோட ரோட்டோரம் நின்னாரு. ஏறிக்கிறேன்னு இதே மாதிரிதான் கையைத் தூக்குனாரு. இப்பெல்லாம் தொழுகையில தக்பீர் கட்டக் கையைத் தூக்குனாக்கூட அவர்தான் முன்னால நிக்கிறாரு புள்ள.

— துஆ செய்யுங்க, போயிடும். ஓட்டுனது டிரைவர் பிச்சைமுத்து அண்ணன். கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஜெயிலுக்கும் போயிட்டாரு. கிளீனர் உங்களுக்கு என்ன வந்துச்சு?

— அவர் சீட்டுலதானே முதலாளி என்னை உக்காரச் சொல்றாரு.

— யாராவது உக்காரத்தானே போறாங்க? லைசென்ஸ் வந்தா நம்ம புள்ளைங்க வயிறு நிறையும். இந்த யுத்த காலத்துல அரிசி கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு. ம், தூக்குங்க.

— நேத்து பாலக்கரையில பிச்சைமுத்து அண்ணன் சம்சாரம் வெள்ளையம்மா அக்காவைப் பார்த்தேன். புருஷன் ஜெயில்ல கிடக்காரு, என்னைப் பார்த்தா அழும்னு பயந்தேன். அதுவோ, "பாஸாயிடுங்க ஜெகபர் தம்பி, நல்லா ஓட்டுங்க"ங்குது. எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு.

— நல்ல மனசு அவங்களுக்கு. விடுங்க.

— இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இப்ப வேணாங்க. பரீட்சை முடியட்டும்.

— அன்னிக்கு விடிகாலையில வெறும் வண்டி. "கண்ணு சொருகுது, ஜீயபுரம் வரைக்கும் நீ புடி"ன்னுட்டு அண்ணன் பின் சீட்டுல படுத்துட்டாரு. ஆளில்லாத ரோட்டுல கிளீனர்கிட்ட ஸ்டியரிங் குடுக்கிறது எல்லா டிரைவரும் செய்யறதுதான். பெரியவரைக் கண்டதும் பிரேக்குன்னு நினைச்சு வேற பெடலை மிதிச்சுட்டேன். ஓட்டுனது நான்தான், ஆபிதா. அவரைக் கொன்னது நான்.

— மெதுவாப் பேசுங்க. வாசல்ல புள்ளைங்க இருக்கு.

— வீட்டுக்கு வந்து ஜுரத்துல விழுந்தேன். எழுந்திரிக்கிறதுக்குள்ள அண்ணனைப் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. என் பாவத்தை அவர் ஏன் சுமக்கிறாருன்னு இன்னிய வரைக்கும் புரியலை. போதும். நாளைக்கு சார்ஜெண்ட்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.

— சொல்லாதீங்க. உங்க ரெண்டு காலைப் புடிச்சுக்கிறேன்.

— அல்லாவுக்குத் தெரியும் ஆபிதா. அது போதாதா? நீ ஏன் இப்படி அழுவறே? திட்டேன். கொலைகாரன்னு சொல்லேன்.

— எப்படிங்க திட்டுவேன்? நீங்க ஜுரத்துல பினாத்துனப்பவே எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. மறுநாள் போலீஸ் வர்றதுக்குள்ள பாலக்கரைக்கு ஓடினேன். அல்லாவைத் தவிர யாருக்கும் குனியாத நான், அண்ணன் கால்லயும் அக்கா கால்லயும் விழுந்து, அவரையே ஓட்டுனதா சொல்லச் சொல்லிக் கெஞ்சிட்டு வந்தேன்.