கடலில் எறியப்பட்ட மதுச்சாடிகள் குறித்துச் சுக்கானி ஹோரியோன் சொன்னது

அலெக்சாந்திரியா துறைமுக அலுவலகம். பாவோஃபி மாதம், முற்பகல்.

பெயர்: ஹோரியோன். தகப்பன் பெயர்: பனிஸ்கஸ். வயது: அறுபது இருக்கும்; ஐம்பது என்கிறார். இருப்பிடம்: மேற்குத் துறைக்குப் பின்னால் கயிறு திரிப்பவர் தெரு. தொழில்: கப்பலில் சுக்கான் பிடிப்பது. அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. முதலை கீறியது என்கிறார். தலையில் கம்பளித் தொப்பி. கழற்றச் சொன்னதற்கு, 'பிறகு ஆகட்டும்' என்றார்.

நான் மேற்படி தெருவில் குடியிருந்து வருகிறேன். நான் பார்க்காத துறைமுகம் கிடையாது. படிப்பும் உண்டு, எழுத்துகளில் முக்கால்வாசி தெரியும். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தோனிஸ் என் அக்காள் மகன். அவனுக்குச் சொத்து என்று இருப்பது அவன் கப்பல் ஒன்றுதான். அதற்கு நான் சுக்கானி.

ரோட்ஸ் தீவில், இந்த ஊரில் இருக்கும் கல்லினிகஸ் என்ற வியாபாரியின் மதுச்சாடிகளையும், வேறு இருவருடைய எண்ணெயையும் கம்பளியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அதன் பிறகு கரை மறைந்து சில நாட்கள் கழித்து, ஒரு நண்பகலில் காற்று திடீரென்று திரும்பி அடித்தது. அலை நமது கலங்கரை விளக்கத்தைவிட உயரமாக எழுந்தது. (மறுபடி கேட்டதன் பேரில், அதில் பாதி என்கிறார்.) அதன் பிறகு பாயை இறக்கியும், தண்ணீரை இறைத்தும் மாளாமல் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபோது, பாரத்தைக் குறைக்கத் தோனிஸ் உத்தரவிட்டான். முதலில் தன் பெட்டியைத் தூக்கி எறிந்தான். அவன் கலியாணத்துக்கு வாங்கிய துணி அதில் இருந்தது. அதன் பிறகு, மேல் அடுக்கில் இருந்தவை கல்லினிகஸின் சாடிகள் என்பதால் அவற்றை எறிந்தோம். அப்போதும் கப்பல் நிமிரவில்லை. அதற்கு மேல் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாரும் பிழைக்க ஒருவர் சரக்கு கடலில் போனால், சரக்கு தப்பியவர்கள் சேர்ந்து அந்த நஷ்டத்தைத் தாங்குவது கடல் வழக்கம். காற்றே இல்லாமல் சரக்கு போனால் கப்பல்காரன் பொறுப்பு. அவன் கப்பல் பறிபோகும்.

அதன் பிறகு கரை சேர்ந்த அன்று மாலை தெர்மூதிஸ் என்பவளின் மதுக்கடைக்குப் போனேன். அவள், "என்ன ஹோரியோன் அண்ணே, நடுக்கடல்ல நடுங்கிட்டியாமே" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான், "அதெல்லாம் புயலா? துணி காயப்போடுற காத்து. ஒத்தை விரல்ல சுக்கானைப் புடிச்சுக்கிட்டு மறு கையால பருப்பு தின்னேன்" என்றேன். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் இன்னொரு கிண்ணம் வாங்கிக் கொடுத்து, "அப்ப சாடியெல்லாம் எங்க பெரியவரே?" என்று கேட்டார். "மீனுக்கு விருந்து வெச்சோம்" என்றேன். அவர்தான் கல்லினிகஸ். ரோட்ஸில் சரக்கை ஏற்றியது அவருடைய ஆள் என்பதால் அவரை நான் முன்பு பார்த்ததில்லை.

அதன் பிறகு மறுநாள் அவர், தோனிஸ் சாடிகளை வழியில் விற்றுவிட்டான், புயல் அடிக்கவில்லை என்று அவன் சுக்கானியே சொல்லிவிட்டான் என்று புகார் கொடுத்தார். துறைமுக ஆட்கள் வந்து, கப்பல் புறப்பட முடியாதபடி சுக்கான் துடுப்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கப்பல் ஆட்கள் சொன்னதைக் கூலிக்காரர் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். எண்ணெய்க்காரரும் கம்பளிக்காரரும் நஷ்டத்தில் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், புயலைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை என்கிறார்கள்.

அதன் பிறகு தோனிஸ் என் வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல் பொரித்த மீன் கொண்டுவந்திருந்தான். "மாமா, அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டான். "சொன்னா நீ என் அக்கா மகனே இல்ல" என்றேன். "சரி மாமா, ஆறிடப் போவுது, சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மீனைப் பூனை தின்றது.

அந்த விஷயம் என்னவென்றால், இந்தத் துறையில் என் தலைமுடியைத் தெரியாதவர் கிடையாது. அது இடுப்பு வரை தொங்கும். (கேட்டதன் பேரில், தோள் வரை என்கிறார்.) ரோட்ஸில் கல்லினிகஸின் ஆளே, "யோவ் பெருசு, பாய் கிழிஞ்சா உன் முடியைக் கட்டிக்கலாம்" என்று கேலி செய்தான், அவனை விசாரிக்கலாம். மற்ற ஆட்கள் பேனுக்குப் பயந்து புறப்படும் முன்பே மழித்துக்கொள்பவர்கள். அமைதியான கடலில் ஒருவன் நகம் வெட்டினாலே அபசகுனம் என்று மற்றவர்கள் அவனை உதைப்பார்கள். உயிர் போகிற நேரத்தில் மட்டும்தான் கடலைக் காக்கும் ஈசிஸ் தாய்க்கு முடியை அறுத்துக் கொடுப்போம். இது அலுவலகத்துக்கும் தெரியும்.

சாடிகள் போயும் கப்பல் நிமிராததால், நான் சுக்கானைத் தோனிஸ் கையில் கொடுத்துவிட்டு, மீன் அறுக்கும் கத்தியை எடுத்து, கப்பல் ஆடிய ஆட்டத்தில் கை போன பக்கமெல்லாம் முடியை அறுத்துக் கடலில் போட்டு, அழுதேன். அழுததை எழுத வேண்டாம் என்று கேட்டேன். எழுதத்தான் வேண்டும் என்றார் அதிகாரி. அதன் பிறகு கப்பல் நிமிர்ந்தது. என் முடியால்தான் நிமிர்ந்தது என்று இப்போதும் சொல்வேன். அன்றிலிருந்து தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றியதில்லை.

(இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றினார். முடி திட்டுத்திட்டாக அறுபட்டிருக்கிறது. இடையிடையே கத்திக் காயங்கள் பொருக்குத் தட்டி உதிரும் நிலையில் உள்ளன. துறைமுக நாவிதனை அழைத்துக் காட்டியதில், "இது தரையில உக்காந்து வெட்டுன முடி இல்லீங்க. வெட்டுன ஆளு விழுந்து விழுந்து எழுந்திருக்காரு" என்றான். விசாரணைக்கு வந்து நின்றிருந்த தோனிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.)

காற்று, சாடி, முடி இந்த மூன்றையும் பற்றிச் சொன்னது ஈசிஸ் தாய் அறிய உண்மை. முதலையைப் பற்றி வற்புறுத்தவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. தெர்மூதிஸின் கடைப்பக்கம் இதை யாரும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹோரியோன், மெதுவாக எழுதுபவன், இந்தக் கையெழுத்தை மட்டும் என் கையாலேயே எழுதினேன்.

அடையாளத்தில் சேர்க்கப்பட்டது: தலையில் கத்திக் காயங்கள், கடலில் பட்டவை. சுக்கான் துடுப்புகளைத் தோனிஸிடம் திருப்பிக் கொடுக்கவும்.