கண் சிமிட்டும் மானிட்டர்

முதலில் காபியைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடப் போகிறது. மானிட்டர் எங்கும் ஓடிவிடாது. பழுது பார்க்க வந்த உங்களை மூன்று முறை மாடியேற வைத்ததில் எனக்கும் வருத்தம்தான்.

உங்கள் கடையில் சமர்த்தாக இருக்கிறது, என் மகளின் மேசைக்கு வந்தால் மட்டும் கண் சிமிட்டுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டீர்கள். பிளக்கை மாற்றினீர்கள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தீர்கள். பாவம். பின்னால் மாட்டுகிற கேபிளின் இரு பக்கமும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதல்லவா? நீங்கள் படி இறங்கியதும் அதைத் தளர்த்துகிறவன் நான்தான். அடியோடு கழற்றினால் படமே போய்விடும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒட்டியும் ஒட்டாமலும் விட வேண்டும். அதற்குக் கைப்பக்குவம் வேண்டும்.

அவள் கட்டிட வரைபடம் போடுகிறவள், படு கெட்டிக்காரி. கடல் தாண்டி இருக்கிற கம்பெனிக்காரர்கள் திரையிலேயே ஒரு வரைபடத்தைக் கொடுத்து, நேரம் வைத்துப் போடச் சொல்கிறார்கள். தேறிவிட்டால் போய்விடுவாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். தேர்வு நடுவில் நான் காபி கொண்டுபோய் வைப்பேன். வைக்கும்போது முழங்கால் மேசையில் லேசாக இடிக்கும். வயதானவன், இடிக்கத்தானே செய்யும். திரை படபடக்கும், கோடுகள் கோணிப் போகும், நேரமும் போய்விடும்.

இரண்டு தேர்வு அப்படித்தான் போயிற்று. இரண்டாவது முறை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"என் ராசியே இதுதாம்ப்பா. எதைத் தொட்டாலும் வெளங்க மாட்டேங்குது. நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

"கெடக்கு விடும்மா, அப்பா இருக்கேன்ல" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். 'போகாதே' என்று ஒரு வார்த்தை அவளிடம் நான் சொன்னதில்லை. பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிற அப்பன் நான் இல்லை.

இப்போது ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நேற்று அவள், "அந்த ரிப்பேர்காரருக்குத் தொழிலே தெரியலப்பா, வேற ஆளைப் பாக்கலாம்" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நாளைக்கு அவளுக்குக் கடைசித் தேர்வு. அடடா, கையால் இறுக்காமல் ஸ்க்ரூடிரைவராலேயே இறுக்குகிறீர்களே. நல்லது. இனி என் விரலுக்கு அசையாது. சொல்லிவிட்டதில் மனப்பாரமும் இறங்கிவிட்டது.

போகும்போது அந்த ஸ்க்ரூடிரைவரை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. தேர்வு இருக்கிற வீடு, அவசரத்துக்கு ஒன்று இருப்பது நல்லதுதானே.