ரெண்டு கவரிலயும் ஒண்ணுதான்

நில்லுங்க டாக்டர் மோளே, வீட்டுக்குள்ள இப்பம் போவாண்டாம். இந்த வள்ளத்துக்க நிழல்ல கொஞ்ச நேரம் இருங்க. ரீத்தா மீன் ஏலத்துக்குப் போயிருக்கா, வந்துருவா. நான் ஆரா? அவளுக்க அக்கா, பிள்ளையளுக்குப் பெரியம்ம. அண்ணைக்கு ஆஸ்பத்திரியில ஒரு தடிச்ச பொம்பளை ஒப்பாரி வச்சுகிட்டு நிண்ணாளே, அது நாந்தான். நீங்க அப்பம் படிக்கிற பிள்ளை. பெரிய டாக்டருக்குப் பொறத்தால ஓடிட்டு நிண்ணிய.

ஜெஃப்ரினா? அன்னா மணல்ல உருளுதான் பாருங்க. மழைக்காலத்தில கொஞ்சம் இளைப்பு வரும், வேற ஒண்ணுமில்ல. வாயி மட்டும் கடலுக்கு அக்கரை கேக்கும்.

அவனும் ததேயுஸும் இரட்டையில்லியா, மாசம் தெகையாம வந்ததுவ. கரையில தூக்கிப் போட்ட மீனு செவுளு அடிக்குமே, அதுபோல ரெண்டுக்கும் விலா உள்வாங்கி உள்வாங்கிக் கெடந்துது. அப்பம் பெரிய டாக்டர் வந்து சொன்னாவ. மூக்கில குழல் வச்சு, மறுமுனையத் தண்ணிப் போத்தல்ல முக்கி, குபுகுபுன்னு காத்து குடுக்குறது ஒரு வைத்தியம். தலையக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு ஆக்சிஜன் விடுறது இன்னொண்ணு. இந்த அளவு பிள்ளையளுக்கு எது மேலுன்னு எங்களுக்கே தெரியாது, அதக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி, ஒட்டின கவருக்குள்ள எது இருக்கோ அதைத்தான் குடுப்பம், சம்மதமான்னாவ. பாவம், தயங்கித் தயங்கித்தான் கேட்டாவ. ரீத்தாக்க மாப்பிள சிலுவைதாசன் சிரிச்சிட்டான். அந்த நேரத்திலயும் சிரிப்பு! ஆஸ்பத்திரியிலயும் சீட்டா, இது எங்க கடப்புறத்துச் சோலியில்லியா டாக்டரேன்னான்.

உங்களுக்கு அது தெரியாதுல்ல, நீங்க கடலில்லாத தக்கலைக்காரி. கரையில நிண்ணு இழுக்குத கரமடி வலைய ஆரு முதல்ல வளைக்கதுன்னு சண்டை வராம இருக்க சீட்டுப் போடுவம். பெரியவிய கை வைக்கப்பிடாது. ஒரு குஞ்சுப் பிள்ளையக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவம். பிள்ளை எடுத்தா, மடி வெறுசா வந்தாலும் ஒருத்தன் ஒருத்தனக் குத்தம் சொல்லமாட்டான். அந்தப் பழக்கத்தில இவனும் ஒத்தக்கால்ல நிண்ணான். எங்க முறைப்படி எடுத்தாத்தான் சம்மதம், இல்லேண்ணா இல்லேன்னு. பெரிய டாக்டர் கொஞ்சம் யோசிச்சாவ, பொறவு ரெண்டு கவரையும் நீட்டினாவ. எடுத்தது ஜெஃப்ரினுக்கு, விட்டது ததேயுஸுக்கு.

ஜெஃப்ரினுக்குக் குபுகுபு. ததேயுஸுக்குப் பெட்டி. பொறவு மெசினும் வச்சுப் பாத்தாவ, கேக்கல்ல. உயிரு போறதுக்கு முன்ன தண்ணி தெளிச்சு ததேயுஸுன்னு பேரிட்டதே ஒரு நர்ஸம்மாதான்.

ஐயோ, உங்க பேரில வருத்தமில்ல மோளே. முன்னாலயே தெரிஞ்சிருந்தா ரெண்டுக்கும் அதையே வச்சிருப்பிய, எனக்குத் தெரியாதா? இப்பம் முடிவு வந்தாச்சு, குபுகுபுதான் மேலுன்னு சொல்லுதிய. கொள்ளாம், நல்லதுதான். இனி வாற பிள்ளையளு பிழைக்கட்டு. உள்ளத உலகத்துக்கெல்லாம் எழுதுங்க.

இந்த வீட்டில மட்டும் பறையாதீங்க.

இல்ல, ரீத்தா தாங்குவா. அவளுக்காகச் சொல்லல்ல. அன்னா கறுப்புக் காப்பி கொண்டு வாறாளே, மூத்த பொண்ணு பெபிஷா, இவளுக்காக்கும். பள்ளிக்கூடத்தில விளையாட்டுக்குச் சீட்டு எடுக்கச் சொன்னா, கைய முதுகுக்குப் பின்னால கெட்டிகிட்டு நிப்பாளாம். கடையில மிட்டாய்ப் போத்தலுக்குள்ள கூட கைவிடமாட்டா, நீங்களே எடுத்துத் தாங்கன்னுவா. அண்ணைக்கு அவளுக்கு எழுத்து கூடத் தெரியாது. கவரு எடுக்க அப்பன்தான் தூக்கிப் பிடிச்சான். எடு மக்கா, உனக்க கைக்குப் பாவமில்லேன்னு சொன்னான்.

ரெண்டு கவரிலயும் ஒண்ணுதான் எழுதியிருந்துன்னு சொல்லி வச்சிருக்கம். நம்பல்ல போல. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆராவது வந்தா கேப்பேன்னு காத்துகிட்டு இருக்கா.

எங்க மோளே எழும்புதிய? இருங்க.

ஏட்டி பெபிஷா, காப்பிய இங்கன வையி, கையச் சுடப் போவுது. இவிய அந்த ஆஸ்பத்திரி டாக்டராக்கும். என்னமோ கேக்கணும்னியே, கேளு.