சத்தம் காணாமல் போன சைக்கிள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் ஏட்டு ஐயா மேலே எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தாறு. தொழில் தையல். இந்தக் காவல் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடை மாடியில் கடை வைத்திருக்கிறேன். மேலே எழுதிய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஊசியக்கா என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். நான் இதுவரை எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டவள் அல்ல. இந்த நிலையத்துக்குள் முன்பு ஒரு முறை வந்தது இங்குள்ளவர்களின் சீருடைக்கு அளவெடுக்க. உதவி ஆய்வாளர் ஐயாவின் இடுப்பளவு அப்போது எவ்வளவு என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்பதால் சொல்லவில்லை.

நானும் என் தம்பியும் ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் இருக்கிறோம். முடிதிருத்தும் கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர், நர்சம்மா, நாங்கள் இருவர். நாங்கள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் அல்ல. நத்தை முந்தினாலும் வழிவிட்டு வணக்கம் சொல்கிறவர்கள். சைக்கிள்களும் வாரம் முழுவதும் கடைக்கும் வேலைக்கும் போகிற சாதாரண சைக்கிள்கள்தான். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் நான் தைத்துக் கொடுத்த பை ஒன்று தொங்கும். அதில் ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் பசை, எண்ணெய்க் குப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ், துடைக்கும் துணி இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணு பார்க்கப் போனபோதுகூட சட்டைப் பையில் ஸ்பானர் இருந்ததாகவும், பொண்ணு வீட்டு நாற்காலியின் ஆட்டத்தை அவர் சரி செய்த பிறகுதான் சம்பந்தம் முடிந்ததாகவும் சொல்வார்கள். ஏட்டு ஐயா நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னதால் அங்கே வருகிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டீக்கடைச் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்காரும்போது, யாருடைய சைக்கிளில் என்ன குறை கண்ணில் பட்டாலும், பார்த்தவர் கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய் அதைச் சரி செய்துவிட்டு வர வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. சைக்கிளுக்கு உரியவரும் யார் செய்தது என்று கேட்கக் கூடாது. கழற்றிய பழைய சாமானைச் செய்தவரே பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். வாயைத் திறந்தால் செய்தது கணக்கில் சேராது. வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே, எங்கள் கூட்டத்தில் ஸ்பானர் பிடித்த கை எதுவென்றே தெரியக் கூடாது. என் சைக்கிளின் பிரேக் கட்டையைப் போன மழைக்காலத்தில் மாற்றிய புண்ணியவான் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்று காலை நாங்கள் வழக்கமான டீக்கடைக்குப் போனோம். அதை ஒட்டி ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். கண்ணாடிக் கடைக்காரர், தன் சிநேகிதர் ஒருவர் இன்று புதிதாக நம்மோடு சேருகிறார், நேராக டீக்கடைக்கு வந்துவிடுவார், அவர் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பராமரிப்பே கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் இன்று எல்லோருடைய பையும் வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது, உள்ளே என்ன புது சாமான் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் போனபோது சுவரில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. சீட்டில் நுரை வெளியே வந்து அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. மணி மூடியில்லாமல் இருந்தது. கைப்பிடியில் சணல் சுற்றியிருந்தது. உடம்பெல்லாம் சேறு காய்ந்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் டீ சொன்னோம்.

அதன் பிறகு முடிதிருத்தும் கடைக்காரர் கை கழுவ எழுந்து போனார். அவர் வந்த பிறகு நர்சம்மா போனார். அவர் வந்த பிறகு என் தம்பி போய், அதிக நேரம் கை கழுவினான். கண்ணாடிக் கடைக்காரர் போனார், நானும் போனேன். இன்றைக்கு அந்தக் கடையில் கை கழுவிய மாதிரி எங்கேயும் யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். கடைசியில் நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சுவரில் பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் நின்றது. புது சீட், புது மணி, ரப்பர் கைப்பிடி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எங்கள் ஐந்து பேருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியில் மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

அந்த நேரத்தில் கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு முகம் வெளுத்துப்போய், "அவன் இன்னும் படுக்கையை விட்டே எழுந்திருக்கலையாம்" என்றார். நாங்கள் எல்லோரும் சைக்கிளைப் பார்த்தோம். "அப்போ இது யாரோடது?" என்று நர்சம்மா கேட்டார். டீக்கடைக்காரரைக் கேட்டதற்கு, தான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோதே நின்றது, ஆள் யாரென்று கவனிக்கவில்லை என்றார். சிறிது நேரம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. பல் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் இருந்தும் தோன்றவில்லை. அதன் பிறகு என் தம்பி, "அக்கா, ஸ்டேஷன் போற வழிதானே, ஒப்படைச்சிட்டுப் போயிடலாம்" என்றான். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அவன் அந்தச் சைக்கிளில் ஏறிக்கொண்டான். அவனுடைய சைக்கிளின் ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் சைக்கிளை ஓட்டியபடி நான் பின்னால் வந்தேன். மற்ற மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பேருந்து ஓட்டுநர் வேலை கிடைக்கும் நிலையில் இருக்கிறது. இவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று இந்த நிலையத்திலிருந்து பதில் போனால்தான் வேலை. இந்த வேலைக்காக அவன் லாரி கழுவினான், கிளீனராகப் போனான், இரண்டு தடவை தேர்வில் தோற்றுத் திரும்ப எழுதினான். அவன் யாருடைய சைக்கிளையோ காவல் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்றதற்கு, நல்ல யோசனை என்று தலையாட்டியவள் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல் ஆயிற்று.

நாங்கள் மெல்ல மிதித்து நிலையத்து வாசலுக்கு வந்தபோது, ஆட்டோவில் முந்தி வந்த ஒருவர் உள்ளே ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர் என்றும், நிலையத்துக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் குடியிருக்கிறார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். பல் பிடுங்கிவிட்டு வெளியே வந்தால் சைக்கிள் இல்லை, டீக்கடையில் நின்ற ஒருவரைக் கேட்டால் ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார், அவர் சொன்ன அடையாளம் இன்னின்னது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், திரும்பி என் தம்பியைப் பார்த்து, "இதோ, நீலச் சட்டை, தாடி, இவன்தான்!" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. "உங்க சைக்கிள்தாங்க, கொண்டுவந்திருக்கோம்" என்று வாசலைக் காட்டினேன். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இது என்னுது இல்ல. என்னுதை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார்.

நான் எவ்வளவோ சொன்னேன். சுத்தம் செய்தோம் என்றேன். "என்னுது பச்சையே கிடையாது" என்றார். அவர் அதைப் பழசாக வாங்கியவர். அதன் நிறம் அவருக்கே தெரியாது. உதவி ஆய்வாளர் ஐயா, வந்த வரைக்கும் லாபம் என்று இதையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னதற்கு, "யார் சைக்கிளையோ நான் ஓட்டிட்டுப் போயி நாளைக்குக் கம்பி எண்ணவா? எனக்கு என்னுதுதான் வேணும்" என்றார். அவர் யோக்கியர் என்பதுதான் எங்களுக்கு வந்த சங்கடம். அதன் பிறகு உதவி ஆய்வாளர் ஐயா என் தம்பியைப் பார்த்து, காணாமல் போன சைக்கிள் ஒன்று, கேட்பாரில்லாத சைக்கிள் ஒன்று, ஆக இரண்டுக்கும் பதில் சொல் என்றார். என் தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அவன் சின்ன வயதில் பயந்தால் அப்படித்தான் செய்வான். அந்தப் பொத்தானை நான் எத்தனை தடவை தைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் மற்ற மூவருக்கும் போன் செய்து, வழக்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எடுத்ததை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்று கத்தினேன். மூவரும் வந்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் பையிலிருந்து கிழிந்த சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நர்சம்மா மூடியில்லாத மணியை வைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் சணலை வைத்துவிட்டு, செயினில் எண்ணெய் விட்டது தான்தான் என்று தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார். துடைத்தது தன் வேலை என்று தம்பி சொன்னான். ரிஃப்ளெக்டர் நான் வைத்தது என்றேன். கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கு ஒரே நாளில் அத்தனையும் காவல் நிலையத்து மேசைமேல் வந்து விழுந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் அந்த வேகத்தில், என் பிரேக் கட்டையையும் தானே மாற்றியதாகச் சொல்லிவிட்டார். அது கேட்கப்படவில்லை.

அதன் பிறகு நிலையத்து முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் பழையபடி மாட்டினோம். நல்ல சாமானைக் கழற்றிவிட்டுக் கெட்ட சாமானை மாட்டுகிற வேலையை நாங்கள் செய்வது இதுவே முதல் தடவை. கண்ணாடிக் கடைக்காரர் சணலைச் சுற்றும்போது கண்ணை மூடிக்கொண்டார். பேப்பர்காரர் சீட்டைத் தடவிப் பார்த்தார், மணியைத் தட்டிப் பார்த்தார், அரை மனதாகத் தலையாட்டினார். பிறகு ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, "எல்லாம் என்னுது மாதிரிதான் இருக்கு. சத்தம் எங்கே? என்னுது ஒரு மிதிக்கு ஒரு தடவை கீச்சுன்னு கத்தும்" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் செயினில் இருந்த எண்ணெயைத் துடைத்து எடுத்தார். கத்தவில்லை. தம்பி மட்கார்டில் சேற்றை அப்பினான். கத்தவில்லை. ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார்கள், பெடலைத் தளர்த்தினார்கள். அது பசு மாதிரி அமைதியாக ஓடியது. சைக்கிளின் சத்தத்தை நிறுத்த எங்களில் யாரைக் கேட்டாலும் தெரியும். வரவழைக்க ஒருவருக்கும் தெரியவில்லை. உதவி ஆய்வாளர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ரிஃப்ளெக்டர் வைக்கக் குனிந்தபோது செயின் கவர் ஆடுவதைப் பார்த்து, அதற்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவில் விரல் அகலத் துணி ஒன்றை மடித்துச் செருகியிருந்தேன். கோட்டுத் தோளுக்குள் வைக்கிற தடித்த துணி. பை நிறைய அந்தத் துண்டுகள் கிடப்பதால், அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை. குனிந்து அதை உருவினேன். பேப்பர்காரர் ஏறி மிதித்தார்.

கத்திய கத்தலில் முற்றத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. உள்ளே எழுதிக்கொண்டிருந்த ஏட்டு ஐயாவே எட்டிப் பார்த்து, "அட, இது நம்ம பேப்பர்காரர் சைக்கிள்! தினமும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது இதுதான்" என்றார். இப்போது அதை எழுத வேண்டாம் என்கிறார். நடந்தது என்பதால் எழுதச் சொல்கிறேன். பேப்பர்காரர் வீங்காத பக்கத்து வாயால் சிரித்தார். இது தன் சைக்கிள்தான் என்றும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். என் தம்பி பொத்தானை விட்டுவிட்டான். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

அதன் பிறகு பேப்பர்காரர் எங்கள் பக்கம் வந்து, தயங்கி, "அந்த சீட்டு, மணி எல்லாம் திரும்பப் போட்டுத் தர்றீங்களா? சத்தத்தை மட்டும் தொடாதீங்க" என்றார். ஏன் என்று முடிதிருத்தும் கடைக்காரர் கேட்டதற்கு, "என் சம்சாரம் காலையிலேயே வேலைக்குப் போயிடுவா. நான் வர்ற வரைக்கும் பாப்பா தனியா இருப்பா. யார் வந்து கூப்பிட்டாலும், அப்பான்னே சொன்னாலும் திறக்கக் கூடாது, சைக்கிள் கத்தினா மட்டும் திறன்னு சொல்லி வெச்சிருக்கோம். இன்னைக்கு இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் பேசினா எனக்கே என் குரல் தெரியல" என்றார்.

நான் செருகிய துணியோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தால், வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருப்பார். அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து, கை கழுவப் போகாமல், ஒளிவு மறைவில்லாமல், புது சாமான்களை மாட்டிக் கொடுத்தோம். செயின் கவர் பக்கம் ஒருவரும் கை நீட்டவில்லை. அடுத்த ஞாயிறு எங்களோடு வரச் சொன்னோம். வருகிறேன் என்றார். மேற்படி துணித் துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்; திரும்ப வேண்டாம்.

என் தம்பியைப் பற்றி விசாரணை வரும்போது, இவனுக்குக் கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டால், கேட்காமல் அடுத்தவர் சைக்கிளைத் துடைப்பான் என்று எழுதிக்கொள்ளலாம். பேருந்தையும் துடைப்பான். வேறு எதுவும் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேப்பர்காரர் நிலையத்தை விட்டுக் கிளம்பினார். சத்தம் சுவரைச் சுற்றிப் பின் தெருவுக்குப் போனது. ஏட்டு ஐயா எழுதுவதை நிறுத்தினார். உதவி ஆய்வாளர் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பினார். சத்தம் நின்றது. ஒரு தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இது வாக்குமூலத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஏட்டு ஐயா சொன்னார். சொல்லிவிட்டு, அவரே எழுதிக்கொண்டார்.

இதுவரை சொன்னது நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. ஏட்டு ஐயா படித்துக் காட்ட, உட்கார்ந்து கேட்டேன், சரியாக இருக்கிறது. எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போடுவதால் தாளில் கறை பட்டிருக்கிறது. அந்தக் கறையும் என்னுடையதுதான்.

(ஒப்பம்)