பதினான்கு பேர், ஒரே பாஸ்வேர்டு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தையலகத்தின் நிறுவனர் உமையாள் ஆச்சி அவர்களே! கண்டனூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ஒருநாள் வேலையை ஒதுக்கிவைத்துக் காரைக்குடிக்கு வந்திருக்கும் தையலகச் சகோதரிகளே! முன்வரிசையில் அமர்ந்து என் பயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! கையில் பிள்ளையும் கழுத்தில் அளவு நாடாவுமாக வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் துர்காதேவியின் பணிவான வணக்கம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேடையை மிதித்த முதல் ஆளும் நான்தான். இருந்தாலும் இன்று பேசியே தீருவேன். கணினியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குள் ஒரு பெண்ணின் மானம் இருக்கிறது.

நாங்கள் பள்ளிச் சீருடை தைப்பவர்கள். பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளை அளப்போம். அளவைக் கணினியில் ஏற்றுவோம். வெட்டும் மேசைக் கணினியில் அதைப் பார்த்து வீரணன் அண்ணன் துணி வெட்டுவார். கணினிகளைப் பராமரிப்பவள் நான். ஐந்து கணினிகள், ஒரே நெட்வொர்க், பதினான்கு பேர். உள்ளே நுழையும் பெயர் எத்தனை? ஒன்று! அட்மினிஸ்ட்ரேட்டர்! பாஸ்வேர்டு எத்தனை? அதுவும் ஒன்று! மறந்துவிடக் கூடாதே என்று மேசை மேலேயே துணிக்கு அடையாளம் போடும் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தோம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் தையலகத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பீர்கள், அவ்வளவுதானே வித்தியாசம்?

அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் யார்? எதையும் சேர்க்கலாம், எதையும் அழிக்கலாம், எவரையும் உள்ளே விடலாம், எவரையும் வெளியே நிறுத்தலாம். அத்தனை அதிகாரத்தையும் பதினான்கு பேருக்கும் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம்? மரியாதை! ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காவிட்டால் முகம் வாடுமே என்று, பந்தியில் இலை போடுவதுபோல வரிசையாகப் போட்டோம்!

போன ஜூன் மாதம். பள்ளி திறந்த மூன்றாம் நாள் ஒரு தலைமையாசிரியரின் போன்.

“ஏம்மா, ஆறாம் வகுப்புப் பய ஒருத்தன் பேண்டுக்குள்ள காணாமப் போயிட்டான். பத்தாம் வகுப்புப் பயலுக்கு முட்டிக்கு மேல நிக்கிது. என்னத்தத் தச்சு அனுப்பியிருக்கீக?”

எண்பத்து நான்கு சீருடைகள் திரும்பி வந்தன. திறந்து பார்த்தோம். யாரோ அந்தப் பட்டியலில் பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். பெயர்கள் நகர்ந்துவிட்டன, அளவுகள் நகரவில்லை. ஒருவன் பெயருக்கு நேரே இன்னொருவன் இடுப்பு!

யார் செய்தது? கணினியைக் கேட்டோம். அட்மினிஸ்ட்ரேட்டர் என்றது. அது நான். அது ஆச்சி. அது வீரணன் அண்ணன். பதினான்கு பேரும் அதுதான்! எல்லாரும் ஒரே பெயரில் நடமாடினால் பழி யார்மேல் விழும்? பின்வரிசையில் ஒரு அம்மா சொல்கிறார்கள், “வாயில்லாதவ மேல!” ஆமாம் அம்மா, அப்படித்தான் விழுந்தது.

எங்களோடு தைக்கும் சோலையம்மாள் அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த மாதம்தான் அளவு ஏற்றப் பழகியிருந்தார்.

“ஊசி பிடிக்கிற கைக்கு மவுசு எதுக்குங்கிறேன்?” என்றார் வீரணன் அண்ணன். தலையைக் குனியாதீர்கள் அண்ணே, கதை இன்னும் முடியவில்லை.

“எம் புள்ளைக மேல சத்தியமா நான் மாத்தலண்ணே.”

“நீ மாத்தாம அது தானா மாறுமாக்கும்?”

அக்கா அளவை மாற்றிவிட்டார் என்று மட்டும்தான் ஆச்சி காதுக்குப் போனது. மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. பட்டம் வாங்கிய நான் வாய் திறக்கவில்லை. என் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாதபடி கணினிகளை வைத்திருந்தவளும் நானே!

அந்த வாரமே பதினான்கு பெயர்கள் உண்டாக்கினேன், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அன்றாட வேலைக்கு எல்லாரும் சாதாரணப் பயனர். அளவு ஏற்றுகிறவர் ஏற்றலாம். மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் தனியே நின்றது, புதிதாக மென்பொருள் நிறுவவும் பழுது பார்க்கவும் மட்டும். வேலைக்கு வராத அக்காவுக்கும் ஒரு பெயர் வைத்தேன். ஆச்சியும் சாதாரணப் பயனர்தான். அதை மட்டும் ஆச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை!

நான்காம் நாள் காலை, ஆச்சியின் அறையிலிருந்து குரல். “அடியே துர்கா, இங்குட்டு வா! நான் வாங்கிப்போட்ட மிஷினு எனக்கே அனுமதி இல்லங்குது!”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

தலைவர் அவர்களே, மேற்கொண்டு சொல்லட்டுமா? “சொல்லு ஆத்தா, ஒளிக்காமச் சொல்லு” என்கிறார்கள். கேட்டதா எல்லாருக்கும்? சொல்கிறேன்!

“என்ன செய்யப் போனீக ஆச்சி?”

“என்னத்தச் செஞ்சேன்? புதுப் பள்ளிக்கூடத்துப் பேரெல்லாம் முன்னப்பின்னக் கெடக்கு. போன தடவ மாதிரி வரிசையா அடுக்குனேன். பதிய மாட்டேங்குது.”

போன தடவை மாதிரி!

நான் திரையைப் பார்த்தேன். ஆச்சி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் திரையைப் பார்த்தார்கள். பெயர்கள் நகர்ந்திருந்தன, அளவுகள் நகரவில்லை.

“அப்ப, அன்னைக்கும் நாந்தானா?”

அடுத்த நிமிடம் ஆச்சி தெருவில் நடக்கிறார்கள். பின்னால் நான் ஓடுகிறேன். சோலையம்மாள் அக்கா வீட்டு வாசலில் நின்று, “சோலை, தப்பு என்னுது, பழி ஒம்மேல விழுந்துருச்சு. வா, எல்லாரு முன்னாலயும் சொல்றேன்” என்றார்கள்.

“வாரேன் ஆச்சி. ஆனா இந்தக் கைக்கு மவுசு எதுக்குன்னு வீரணண்ணன் அவுக வாயால சொல்லணும்.”

அன்று தையல் இயந்திரங்கள் எல்லாமே நின்றன. ஆச்சி சொன்னார்கள். வீரணன் அண்ணனும் சொன்னார். என்ன சொன்னார்? “எனக்கும் கத்துக்குடு தாயி” என்றார்!

சகோதரிகளே! அதிகாரம் குறைந்தால் அவமானமா? அனுமதி இல்லை என்ற அந்த ஒரு மறுப்புதான் புதுப் பள்ளியின் அளவுகளைக் காத்தது. அந்த ஒரு மறுப்புதான் சோலையம்மாள் அக்காவின் பெயரைக் காத்தது. தன் கணினி தன்னையே தடுத்தபோது, “என்னைய இப்பிடியே சாதாரண ஆளாவே வச்சிரு” என்றார்களே ஆச்சி, அதைவிடப் பெரிய அதிகாரம் எது?

அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு இப்போது அரக்கு வைத்த உறைக்குள் பீரோவில் இருக்கிறது. அதைப் பிரிக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஆச்சியுடையது. இன்னொன்று சோலையம்மாள் அக்காவுடையது!

இன்று உங்கள் தையலகங்களும் எங்கள் நெட்வொர்க்கில் சேருகின்றன. முதல் கணினியைத் திறக்க ஆச்சி அழைப்பது யாரை என்று உங்களுக்கே தெரியும். வாருங்கள் அக்கா. கூச்சப்படாதீர்கள், உங்களைவிட நான் அதிகம் நடுங்குகிறேன். உங்கள் பாஸ்வேர்டைப் போடுங்கள். நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்... போட்டாயிற்றா?

திரையைப் பாருங்கள். சோலையம்மாள்! அவர் பெயர், அவர் பெயர் மட்டும்!

நடுங்கிய குரலைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. ஊர் திரும்பியதும் முதலில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய அந்தக் காகிதத்தைக் கிழியுங்கள். வணக்கம்!