நரிமடுவில் மூணடித் தண்ணி

மருதி: அந்தப் பச்சை வட்டம்... அது எந்த எடமுங்க தம்பி?

ஜெரால்டு: என்னங்கக்கா இப்பிடிக் கேக்கறீங்க! உங்க நரிமடுதான். மேப்புலயே பேரு எழுதியிருக்குது, கண்ணாடியப் போட்டுப் பாருங்க.

மருதி: கண்ணாடி இல்லாமயே தெரியுது. வட்டம் நெம்பப் பெருசா இருக்குதேன்னு கேட்டேன்.

ஜெரால்டு: அரைக் கிலோமீட்டருங்க. அதுக்குள்ள போர் போடக்கூடாது, ரோடு போடக்கூடாது, ஒரு கல்லப் பேக்கக்கூடாது. இந்த ஆத்துக்கு எத்தன திட்டம் போட்டாங்க... மலைக்காரங்க சொன்ன எடத்துக்குன்னு எவனாச்சும் ஒரு வட்டம் போட்டானா? நீங்க வந்து ஆத்துத் திட்டக் குழுவுல உக்காந்த பொறகுதானுங்க. இன்னிக்கு உள்ள உங்களுக்குக் கைதட்டப் போறாங்க பாருங்க.

மருதி: கைதட்டறது கெடக்கட்டும். நீங்க டீயக் குடிங்க.

ஜெரால்டு: குடிக்கறேன், குடிக்கறேன். கோயமுத்தூருலயே இந்த ஆபீஸ் கேன்டீன் டீதான் மோசம். நம்ம மாசாணம் கடை டீ மாதிரி வருமுங்களா?

மருதி: அதுசரி. வெள்ளிக்கெழம ஆச்சுன்னா அடிவாரத்துல அவன் கடை பெஞ்சுல உங்களத்தான பாக்கறோம்.

ஜெரால்டு: மேல ஏறறதுக்கு முன்ன ஒரு டீ... மடுவுல நட்ட அளவுகோல்ல தண்ணிய அளவெடுத்துப்போட்டு எறங்கி வந்தா ஒரு டீ. அவ்வளவுதானுங்க.

மருதி: வடையச் சொல்லாம உட்டுட்டீங்க.

ஜெரால்டு: வடையும்தான்.

மருதி: சரி, இந்தச் செகப்புக் கோடு என்னங்க?

ஜெரால்டு: தடுப்பணை.

மருதி: போன கூட்டத்துல அது கீழயில்ல இருந்துச்சு? புளியந்தோப்புக்கிட்ட?

ஜெரால்டு: மாத்தியாச்சுங்க. தோப்புக்காரங்க எடம் தரமாட்டேன்னுட்டாங்க. மேல பாறை நல்லாக் கெட்டியா இருக்குதாம். எஞ்சினியரு போன வாரம் ஒருநாள் வந்து பாத்துட்டுச் சொல்லிப்போட்டாரு. வெடி வெச்சா அணைக்குக் கல்லும் அங்கயே கெடைக்கும், லாரி போறதுக்குப் பாதையும் ஆயிருமுங்க.

மருதி: மேலன்னா... முதுகுப் பாறைக்குப் பக்கத்துலயா?

ஜெரால்டு: பக்கத்துல இல்லீங்க, அதேதான். ஏனுங்கக்கா... என்னாச்சு? மொகமே மாறிப்போச்சு?

மருதி: ஒண்ணுமில்லீங்க.

ஜெரால்டு: பஸ்ஸுல வந்தது தலை சுத்துதுங்களா? ஒரு பன்னு வாங்கியாரட்டுமா?

மருதி: பன்னும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த மேப்பு இன்னிக்கே முடிவாயிருமா?

ஜெரால்டு: இன்னிக்குத்தான் கையெழுத்து. கொடுமுடிப் பக்கத்து வெவசாயிங்க, சாயப்பட்டறைக்காரங்க, மாநகராட்சி ஆளு... எல்லாரும் உள்ள உக்காந்தாச்சு. மலைக்காரங்க கையெழுத்தில்லாம எந்த மேப்பும் செல்லாதுன்னு நீங்கதான சண்ட போட்டு வாங்குனீங்க?

மருதி: வாங்குனேன். வாங்கிப்போட்டு இப்ப முழிக்கறேன்.

ஜெரால்டு: புரியலீங்க.

மருதி: தம்பி... ஒண்ணு சொல்றேன். சத்தம் போட்டுறாதீங்க.

ஜெரால்டு: சொல்லுங்க.

மருதி: நரிமடு வத்தாத மடு இல்லீங்க.

ஜெரால்டு: என்னது?

மருதி: தையிலயே காஞ்சு போகும். மாசில அதுக்குள்ள ஆடு படுத்துக் கெடக்கும்.

ஜெரால்டு: என்னங்கக்கா... உங்க ஊருத் தலைவரு மூப்பருதான எங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு? சித்திரை வெயில்லயும் வத்தாத தாய்த்தண்ணி இதுதான்னு, தலைல தெளிச்செல்லாம் உட்டாரே?

மருதி: காட்டுனாரு. அது கார்த்திகை மாசம். மழை பேஞ்சு குண்டு குழியெல்லாம் தண்ணி நிக்குது. அன்னிக்கு எந்தக் குழியக் காட்டியிருந்தாலும் வத்தாத குழிதான்.

ஜெரால்டு: அப்ப நெசமான ஊத்து?

மருதி: உங்க செகப்புக் கோட்டுல இருக்குது. முதுகுப் பாறைக்கு அடில. எங்க இருளருங்க குடியிருக்கற பதி ஏழு இருக்குதில்ல, அத்தன சனமும் கோடைல குடிக்கறது அந்தத் தண்ணிதான். கீழ ஆத்துல சித்திரை மாசம் கொஞ்சமாச்சும் கசியுதே, அதும் அங்கிருந்து வாரதுதான். வெடி வெச்சா ஊத்துக்கண்ணு அடைஞ்சு போகும். அப்பறம் ஏழு பதியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜெரால்டு: ஏனுங்கக்கா பொய் சொன்னீங்க?

மருதி: முன்ன ஒருக்கா நெசத்தச் சொன்னோம். கெழக்குச் சரிவுல இன்னொரு ஊத்து இருந்துச்சு. டவுசரு போட்டுட்டு நாலு பேரு வந்தாங்க. தாகமா இருக்குது, நல்ல தண்ணி எங்கம்மா கெடைக்கும்னு கேட்டாங்க. பாவம்னு கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன்.

ஜெரால்டு: நீங்களா?

மருதி: நான்தான். அடுத்த வருசம் அங்க ரிசார்ட்டு, மோட்டாரு, கேட்டு, நாயி. எங்க பொண்டுக கொடத்தோட போனா வாட்சுமேன் வெரட்டறான். அன்னிக்கு ஏழு பதியும் கூடிப் பேசி வெச்சோம். வெளியாளு தண்ணி கேட்டாத் தண்ணியக் குடு, ஊத்தக் காட்டாத. ரொம்பிக் கெடக்கற குழி ஏதாச்சும் ஒண்ணக் காட்டி அனுப்புன்னு.

ஜெரால்டு: நாங்க ரிசார்ட்டுக்காரங்க இல்லீங்களே?

மருதி: டவுசரு ஒண்ணுதான் தம்பி. முதுகுல பையும் ஒண்ணுதான்.

ஜெரால்டு: அதுசரி... ஆனா இத்தன மாசமா எங்ககூட உக்காந்து பேசறீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?

மருதி: நாக்கு நுனி வரைக்கும் வருமுங்க. அப்பறம், வட்டம் எங்க இருந்தா என்ன, நம்ம ஊத்த யாரும் தொடலையேன்னு உட்டுருவேன். மூப்பருக்கு ஒரே சிரிப்பு. கவருமெண்டையே நரிமடுவுக்குக் காவலுக்கு வெச்சுப்போட்டோம்னு. இன்னிக்குப் பாருங்க. காவலு அங்க, வெடி இங்க.

ஜெரால்டு: இப்ப என்ன பண்ணப் போறீங்க?

மருதி: உள்ள போயி இருக்கறதச் சொல்லப் போறேன்.

ஜெரால்டு: வேண்டாமுங்கக்கா. நாஞ் சொல்றதக் கேளுங்க. இத்தன பேருக்கு முன்னால சொன்னீங்கன்னா... மலைக்காரங்க பேச்சே பொய்யின்னு ஆயிரும். உங்களக் குழுவுல சேத்தக்கூடாதுன்னு சொன்னவங்க வாய்க்கு நீங்களே அவல் போட்ட மாதிரி. இருக்கற ஒரு நாற்காலியும் போயிரும்.

மருதி: நாற்காலி போனாத் தரையில உக்காந்துக்குவேன். தண்ணி போனா?

ஜெரால்டு: தண்ணி போக வேண்டாமுங்க. வேற ஏதாச்சும் சொல்லி அணைய மட்டும் கீழ எறக்கச் சொல்லலாம். பாறைல சாமி இருக்குதுன்னு சொல்லுங்க.

மருதி: சாமி மேல பொய் சொல்லச் சொல்றீங்களா? நல்லாருக்குது.

ஜெரால்டு: சரி, யானைத்தடம்னு சொல்லுங்க.

மருதி: யானையப் பத்தி நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான அது நல்லாப் பழக்கம்.

ஜெரால்டு: அத எதுக்குங்க இப்ப...

மருதி: மார்கழி மாசம் தொரத்துச்சில்ல? பையப் போட்டுட்டு ஓடியாந்தீங்க. என்ற மருமவதான் பைய எடுத்தாந்து குடுத்தா.

ஜெரால்டு: அன்னிக்கு மாதாதான் என்னையக் காப்பாத்துனா. கணபதி ஏரியால ஊட்டுக்குப் போயிச் சேந்தா பொண்டாட்டி டீனா ஒரே அழுகை. இந்த வேலையே வேண்டாம்னு. காண்ட்ராக்ட் ஆளுக்கு இன்சூரன்ஸா, ஒண்ணா? செத்தா ஒரு மாலை போடுவாங்க.

மருதி: நான் தப்பாச் சொல்லலையே. யானையக் கண்டா நானும்தான் ஓடுவேன்.

ஜெரால்டு: அதான் சொல்றேன்... அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமுங்க. ஒரு மாசம்...

மருதி: கையெழுத்து இன்னிக்கு. வெடி அடுத்த மாசம். அப்பறம் எங்க போயிப் பாக்கறது?

தேஜஸ்ரீ: மருதியம்மா, இங்கதான் இருக்கீங்களா? இன்னும் அஞ்சு நிமிஷம். நான் போட்ட மேப் எப்படி இருக்கு?

மருதி: கலரு நல்லாருக்குதுங்க மேடம்.

தேஜஸ்ரீ: வட்டத்துக்கு முதல்ல யாருமே ஒத்துக்கல, தெரியுமா? ஜெரால்டோட ரீடிங்கத்தான் காட்டினேன். ஏப்ரல்ல மூணடி, மே மாசமும் மூணடி. இவ்வளவு வெயில்லயும் குறையல பாருங்கன்னேன். வாயத் திறக்கல ஒருத்தரும். தாங்க்ஸ் ஜெரால்டு, நிஜமாவே.

ஜெரால்டு: ஐயோ, இருக்கட்டுமுங்க மேடம்.

தேஜஸ்ரீ: ஃபைல எடுத்துட்டு வந்துடறேன். ரெடியா இருங்க.

மருதி: ... மூணடி.

ஜெரால்டு: அக்கா...

மருதி: போன கூட்டத்துல அந்தக் கிராப்ப செவுத்துல காட்டுனாங்க. நீலமா, கோடு கோடா. பதிக்குப் போயி மூப்பருகிட்டச் சொன்னேன். மனுசன் கைத்தடிய எடுத்துட்டு நரிமடுவுக்கே போயிப் பாத்துட்டு வந்துட்டாரு.

ஜெரால்டு: எதுக்குங்க?

மருதி: ஒருவேள சாமி எறக்கப்பட்டுத் தண்ணி உட்டுருச்சோன்னுதான்.

ஜெரால்டு: இருந்துச்சுங்களா?

மருதி: ஓணான் இருந்துச்சு.

ஜெரால்டு: அக்கா, அது வந்துங்க...

மருதி: பயப்படாதீங்க. உங்க பேரு வராம நான் பாத்துக்கறேன். அளவுகோலப் புடுங்கிட்டுப் போயி ஊத்துல நட்டது நாங்கதான்னு சொல்லிப்போடறேன். மழைக்கு மடுவுல, கோடைக்கு ஊத்துல. நீங்க எழுதுனது ஊத்துத் தண்ணியோட அளவு. சரியாப் போச்சா?

ஜெரால்டு: நெசமாவே நட்டீங்களா?

மருதி: வாரா வாரம் மேல வந்து பாத்தவரு நீங்க. நட்டிருந்தா உங்களுக்குத் தெரியாமப் போகுமா? டீ ஆறிப்போச்சு. கொட்டிருங்க.

ஜெரால்டு: எனக்காக எதுக்குங்கக்கா இன்னொரு பொய்யி? இப்பத்தான சாமி மேல சொல்லமாட்டேன்னீங்க?

மருதி: சாமி மேலதான் சொல்லக்கூடாது. மனுசனுக்காவச் சொல்லலாம். உங்க மூணடி இத்தன மாசம் எங்க பொய்யக் காப்பாத்துச்சு. அதுவுமில்லாம, ஊட்டுல கொழந்தைக இருக்குது, பொண்டாட்டி இருக்குது. எங்களால ஒரு வேலை போக வேண்டாம்.

ஜெரால்டு: அக்கா, அதில்லீங்க...

தேஜஸ்ரீ: போலாமா? மருதியம்மா, நீங்கதான் முதல்ல பேசறீங்க.

மருதி: உள்ள போறதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க மேடம்.

தேஜஸ்ரீ: வேகமாச் சொல்லுங்க.

மருதி: நரிமடு தையிலயே வத்திரும். நெசமான ஊத்து நீங்க செகப்புக் கோடு போட்ட எடத்துல, பாறைக்கு அடில இருக்குது. உங்களுக்கு வேற எடத்தக் காட்டுனது நாங்கதான். பொய் எங்களது. உள்ளயும் நானே சொல்றேன், திட்டறவங்க திட்டட்டும். ஆனா அங்க வெடி மட்டும் வெச்சுறாதீங்க.

தேஜஸ்ரீ: ஒரு நிமிஷம்... என்ன சொல்றீங்க? விளையாடாதீங்கம்மா.

மருதி: இத்தன தூரம் பஸ் ஏறி வெளையாடவா வந்தேன்?

தேஜஸ்ரீ: ஆனா ரீடிங் இருக்கே! நரிமடுல கோடையில மூணடின்னு வாராவாரம் எழுதியிருக்கு. அணைய வேற இடத்துக்கு மாத்தறதுக்காக நீங்க சொல்ற கதைன்னுதான் உள்ள நினைப்பாங்க. எழுதி வச்சத நம்புவாங்களா, உங்க வாய் வார்த்தைய நம்புவாங்களா?

மருதி: அதுங்க மேடம்... அந்த அளவுகோல நாங்கதான் புடுங்கி...

ஜெரால்டு: அக்கா.

மருதி: நீங்க சும்மா இருங்க தம்பி. நாங்கதான் புடுங்கி ஊத்துல கொண்டுபோயி நட்டோமுங்க. இவரு பாவம், அதப் பாத்து எழுதிட்டாரு.

தேஜஸ்ரீ: அளவுகோல நகர்த்தினீங்களா? அம்மா, விதி தெரியுமில்ல? அளவுகோலத் தொட்டவங்க குழுவுலயே இருக்க முடியாது. உங்க கையெழுத்தே செல்லாது.

மருதி: தெரியுமுங்க.

தேஜஸ்ரீ: உங்களுக்குப் பதிலா அடுத்த ஆள் வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் மலைக்காரங்க கையெழுத்து இல்லாமலே மேப் செல்லும், அதுக்குள்ள அணை கட்டியே முடிச்சிடுவாங்க. உள்ள கூப்பிடறாங்க. ஜெரால்டு, நீங்களாவது சொல்லுங்க. ஏப்ரல்ல அந்த மூணடித் தண்ணிய எங்க பாத்து எழுதினீங்க, மடுவுலயா, ஊத்துலயா?

ஜெரால்டு: அக்கா அளவுகோலத் தொடவேயில்லீங்க மேடம், நட்ட எடத்துலதான் நிக்குது. மார்கழிக்குப் பொறகு நான் மலையே ஏறல... அத்தனையும் மாசாணம் கடை பெஞ்சுல உக்காந்து எழுதுனதுங்க.